தருமபுரி வெயிலுக்கு ஒயின் கிளாஸ் வாங்குவது எப்படி

ஒரு வீட்டுக்கு ஒரே வகை ஒயின் கிளாஸ் போதும். வயிறு பெருத்திருக்க வேண்டும், வாய் அதைவிடச் சிறுத்திருக்க வேண்டும், விளிம்பு மெல்லிசாக இருக்க வேண்டும், பிடிக்க ஒரு தண்டு வேண்டும். சிவப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, ஒவ்வொரு திராட்சைக்கும் ஒன்று என்று பெட்டி பெட்டியாக விற்பார்கள். பெங்களூரு ஓட்டல் பாரில் அத்தனை வகையையும் துடைத்து அடுக்கிய கை இது. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

இப்போது இருப்பது பாலக்கோட்டில். அக்கா வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவுக்கு வரும்போது சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவருவார். பீரோ மேல் கிடந்ததை அப்படியே எடுத்து, எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை ஊற்றி, ஒரே மடக்கு. "என்ன மாப்ள, கசாயமாட்டம் இருக்கு? இதுக்கா இவ்ளோ காசு?" என்பார். மாமா சொல்வதில் தப்பில்லை. அந்த டம்ளரில், அந்தச் சூட்டில், அது கசாயம்தான்.

நாக்குக்குத் தெரிவது புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று சிலதுதான். துவர்ப்பை வாய் முழுவதும் உணரும். பழம், மிளகு, ரோஜா என்று நாம் 'ருசி'யில் சேர்த்துப் பேசுவதெல்லாம் மூக்கின் வேலை. முகரும்போது ஒரு வழி, விழுங்கும்போது தொண்டைக்குப் பின்னால் இன்னொரு வழி. டம்ளர் நிறைய ஊற்றினால் வாசம் தங்க இடமே இல்லை. வயிறு அகன்ற கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சுழற்றினால், அகன்ற பரப்பிலிருந்து வாசம் எழும்பி மேலே காலி இடத்தில் தேங்கும். சிறுத்த வாய் அதைச் சட்டென்று வெளியே விடாது. சிந்தாமல் சுழற்றவும் அந்த வாய்தான் உதவி.

2015இல் டோக்கியோவில் கோஜி மிட்சுபயாஷி என்ற ஆராய்ச்சியாளரின் குழு, கிளாஸுக்கு மேலே எழும் ஆல்கஹால் ஆவியைப் படம்பிடிக்கும் ஒரு கேமரா முறையை வெளியிட்டது. ஒயின் கிளாஸில் 13 டிகிரி குளிர்ச்சியில் ஒயினை வைத்தபோது, ஆவி விளிம்பைச் சுற்றி வளையமாக நின்றது, நடுவில் குறைவு. மூக்கை நடுவில் வைத்தால் ஆல்கஹாலின் காரம் குறைந்து ஒயினின் வாசம் தெளிவாகக் கிடைக்கும். நேரான கிளாஸிலும், கூம்பு போல விரிந்த மார்ட்டினி கிளாஸிலும் அந்த வளையம் வரவில்லை. இதோடு இன்னொன்றும் அவர்கள் பார்த்தார்கள்: 25 டிகிரியில் ஒயின் கிளாஸிலேயே வளையம் இல்லை.

நமக்கு முக்கியம் இந்தக் கடைசி வரிதான். சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' குடி என்று எழுதியிருப்பார்கள். அந்த ரூம் ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடு, 16, 18 டிகிரி. ஓசூரில் மார்கழி ராத்திரி என்றால் சரி. சித்திரையில் தருமபுரியில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே 32 இருக்கும். அப்போது எந்தச் சீமைக் கிளாஸும் உதவாது. அதனால் கிளாஸுக்கு முன்னால் வாளி. ஐஸ், தண்ணீர், கைப்பிடி கல்லுப்பு; அதில் பாட்டிலைக் கழுத்து வரை முக்கி வையுங்கள். சிவப்புக்குக் கால் மணி நேரம், வெள்ளைக்கு அரை மணி. கிளாஸையும் குளிர்ந்த தண்ணீரில் அலசி உதறிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், மிச்சம் வாளியிலேயே இருக்கட்டும். தண்டைப் பிடிக்கச் சொல்வது பந்தாவுக்கு அல்ல, உள்ளங்கைச் சூடு ஒயினுக்குப் போகாமல் இருக்கத்தான்.

கடையில் பார்க்க வேண்டியது: கொள்ளளவு 350 முதல் 450 மில்லி. விளிம்பில் விரலை ஓட்டுங்கள். உருண்டையாக ஒரு தடிப்பு தட்டுப்பட்டால் அது வெட்டாமல் உருக்கி முடித்த விளிம்பு. சட்டென்று உடையாது, ஆனால் உதட்டில் தடிப்பாகப் படும். மெல்லிய வெட்டு விளிம்பில் ஒயின் தடங்கலில்லாமல் வாய்க்குள் இறங்கும். பூ வேலை, பட்டை வெட்டு, கலர் எதுவும் வேண்டாம். ருசி பார்ப்பவர்களுக்கென்று 1977இல் வந்த ஐஎஸ்ஓ (உலகத் தர அமைப்பு) கிளாஸே மொத்தம் 215 மில்லிதான்: வயிறு 65 மில்லிமீட்டர், வாய் 46, அதில் ஊற்றுவது 50 மில்லி. அதுவே கிடைத்தாலும் வாங்கலாம்.

"இந்தக் கிளாஸ் ஒயினை நாக்கு நுனியில் ஊற்றும், அங்கேதான் இனிப்பு தெரியும்" என்று விற்பவர் ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டு வரைந்த நாக்குப் படம் அது. எல்லாச் சுவையும் நாக்கில் பல இடத்திலும் தெரியும். அதற்காக, வடிவத்தைப் பற்றி முதலில் யோசித்த ஆஸ்திரியாவின் கிளவுஸ் ரீடலைக் குறை சொல்ல மாட்டேன். பிரான்ஸின் பர்கண்டி வட்டார ஒயினுக்கென்று 1958இல் அவர் செய்த கிளாஸை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

என் பேச்சை நம்ப வேண்டாம், வீட்டில் செய்து பாருங்கள். குடிக்காதவர்கள் பெங்களூர் நீலத் திராட்சையைப் பிழிந்து வடிகட்டிய சாறே எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பழத்துக்கு வாசம் தூக்கல். எவர்சில்வர் டம்ளர், டீக்கடை கிளாஸ், ஒயின் கிளாஸ் மூன்றிலும் 50 மில்லி, ஒரே குளிர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவர் நீட்ட, முதலில் மூன்றையும் முகர மட்டும் செய்யுங்கள். கடைசியில் ஒரு வாய். மாமாவை வைத்து இதைச் செய்தபோது ஒயின் கிளாஸில் இருந்தது வேறு பாட்டில் என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

கழுவும் விஷயத்தில் நம் ஊருக்குத் தனிப் பாடு. போர்த் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படியும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் அலசிக் கடைசியில் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். சோப்பு வாசம் ஒட்டக் கூடாது. கவிழ்த்து வைத்தால் அலமாரியின் வாசம் உள்ளே அடைபடும், நிமிர்த்தியே வையுங்கள். அந்துருண்டை போட்ட பீரோவிலிருந்து எடுத்த துண்டால் துடைக்கவே துடைக்காதீர்கள். நுரைக்கிற ஒயினுக்கு மட்டும் துணி கொஞ்சம் நல்லது செய்யும்: துண்டிலிருந்து ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத நார்களிலிருந்துதான் குமிழிகள் கிளம்புகின்றன.