பயிர் நோய், பூச்சி ஆராய்ச்சி: வயல்லயே கோட்டை விடுற தப்புங்க

தீசிஸ் எழுதற கடைசி நேரத்துல வந்து "டேட்டா சரியா வரல, எந்த டெஸ்ட் போட்டா சிக்னிஃபிகன்ட் வரும்"னு கேக்கறவங்கள நிறைய பாத்தாச்சு. முக்கால்வாசி பேருக்கு சாஃப்ட்வேர்ல ஒரு பிரச்சனையும் இருக்காது, வயலுக்கு போன முதல் நாளே காரியம் கெட்டுப் போயிருக்கும்.

சாம்பிள் எடுக்கறதுலேர்ந்தே வருவோம். இலைல புள்ளி, அதோட நடுவுல நல்லா காஞ்சி கருகின இடத்த வெட்டி மீடியால (லேப்ல பூஞ்சை வளக்கற ஊட்டக் கலவை) வச்சா அமோகமா வளரும், ஆனா வளர்றது நோய உண்டாக்கின பூஞ்சையா இருக்காது, செத்த திசுல பின்னாடி வந்து குடியேறின ஏதோ ஒரு மட்குண்ணியா இருக்கும். பச்சையும் பழுப்பும் சேர்ற ஓரத்துல வெட்டணும், 1% சோடியம் ஹைப்போகுளோரைட்ல ஒண்ணு ரெண்டு நிமிஷம் போட்டு, ஸ்டெரைல் தண்ணில மூணு தடவ அலசி அப்புறம் வைக்கணும். ஈர இலைய பிளாஸ்டிக் கவர்ல இறுக்கி கட்டி வெயில்ல வச்சிட்டு வந்தா லேப்புக்கு வந்து சேர்றது அழுகல்தான், பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு வாங்க.

நடுவுல வெட்டற இந்த தப்ப நான் முதல் வருஷம் நல்லாவே பண்ணேன். எல்லா பிளேட்லயும் ஒரே கருப்பு பூஞ்சை, பேர் கூட கண்டுபிடிச்சாச்சு, ஒரே சந்தோஷம். நல்ல செடில தெளிச்சு மூணு வாரம் காத்திருந்தேன், ஒரு புள்ளி வரல. கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக் பேர்ல சொல்ற வேலை இது: நோயாளிகிட்டேர்ந்து பிரிச்செடு, ஆரோக்கியமானதுக்கு கொடு, அதே நோய் வருதா பாரு, அதுலேர்ந்து திரும்ப அதையே எடுத்துக் காட்டு. இந்த கடைசி படிய டைம் இல்லன்னு விட்டுடறவங்கதான் அதிகம். துருநோய், சாம்பல் நோய், வைரஸ் இதெல்லாம் மீடியால வளராது, அதுக்கு உயிருள்ள செடிலேர்ந்து செடிக்கு ஏத்தித்தான் காட்டணும், வைரஸ்னா பல சமயம் அத பரப்பற பூச்சிய வச்சி. பிசிஆர்ல (கிருமியோட டிஎன்ஏவ பெருக்கிப் பாக்கற டெஸ்ட்) பேண்ட் வந்துச்சுன்னா அந்த கிருமி செடில இருக்குன்னுதான் அர்த்தம், நோய்க்கு காரணம் அதுதான்னு இன்னும் நீங்க நிரூபிக்கல.

சில சமயம் கிருமியே இருக்காது. பக்கத்து வயல்ல அடிச்ச 2,4-டி களைக்கொல்லி காத்துல வந்து பருத்தி, தக்காளி மேல பட்டா இலை சுருண்டு குறுகி அச்சு அசலா வைரஸ் மாதிரியே நிக்கும். ஒரு செடிய மட்டும் உத்துப் பாக்காம வயல் மொத்தத்தையும் பாருங்க. ஒரு ஓரம் முழுக்க ஒரே நாள்ல ஒரே மாதிரி பாதிச்சிருந்தா மருந்து, உப்பு, தண்ணினு சந்தேகப்படணும், அங்கொண்ணு இங்கொண்ணா ஆரம்பிச்சு பரவினா கிருமி பக்கம் போங்க. வாடல்ல இன்னொரு சுலபமான வழி இருக்கு, தண்ட வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணில தொங்க விட்டா பாக்டீரியா வாடலா இருந்தா கொஞ்ச நேரத்துல வெள்ளையா நூல் மாதிரி இறங்கும், ஃபியூசேரியம்ங்கற பூஞ்சையால வந்த வாடல்னா இறங்காது.

பேர் தப்பானா ட்ரீட்மென்ட்டும் தப்பாகும். 1845-ல அயர்லாந்து உருளைக்கிழங்க அழிச்ச ஃபைட்டாப்தோரா பாக்கறதுக்கு பூஞ்சை மாதிரிதான் இருக்கும், ஆனா உண்மையான பூஞ்சை இல்ல, ஊமைசீட்ங்கற வேற வகை உயிரி. கார்பன்டசிம்ங்கற பூஞ்சைக்கொல்லி அதுகிட்ட எடுபடாது. அத ட்ரீட்மென்ட்ல சேத்துட்டு "எதிர்ப்புத்திறன் வந்துடுச்சு"னு எழுதினா சிரிப்பாங்க. அதே மாதிரி கொலெட்டோட்ரைக்கம்ங்கற பூஞ்சைல ஐடிஎஸ்ங்கற ஒரு டிஎன்ஏ பகுதியோட சீக்வென்ஸ மட்டும் வச்சி ஸ்பீஷிஸ் பேர் எழுதக்கூடாது, பிளாஸ்ட்ல (சீக்வென்ஸ டேட்டாபேஸோட ஒப்பிடற புரோகிராம்) மேல வந்த முதல் பேருக்கு 99% பொருத்தம்னா கூட, ஏன்னா டேட்டாபேஸ்ல பேர் போட்டவரே தப்பா போட்டிருக்கலாம். வெள்ளை ஈ இன்னும் மோசம், அதோட பெமிசியா டபாசிங்கற பேரு ஒரே இனம் இல்ல, கண்ணால பிரிக்க முடியாத பல இனங்களோட கூட்டு. அதனால பூச்சில கொஞ்சத்த செறிவான ஆல்கஹால்ல போட்டு லேபிளோட பத்திரப்படுத்துங்க, நாளைக்கு யாராவது கேட்டா காட்ட ஏதாவது இருக்கணும்ல.

எண்றதுல வர்ற தப்பு தனி ரகம். 100 செடில 80-ல ஆளுக்கொரு புள்ளி, இன்னொரு பிளாட்ல 20 செடிதான் ஆனா பாதி இலை கருகிடுச்சு. எது மோசம்? எத்தன செடில நோய் இருக்குங்கறது வேற, எவ்வளவு தீவிரம்ங்கறது வேற, ரெண்டையும் டேபிள்ல ஒரே கட்டத்துல கலந்து எழுதிட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது. கிரேடு போடற ஆள பாதில மாத்தாதீங்க, மாத்தணும்னா ரெண்டு பேரும் ஒரே 20 இலைக்கு போட்டுப் பாத்து ஒத்துப் போகுதான்னு பாத்துக்கோங்க. இனக்கவர்ச்சிப் பொறில விழறது பெரும்பாலும் ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான், அந்த எண்ணிக்கைய வச்சி இலைல எவ்வளவு முட்டை இருக்கும்னு நேரா சொல்லிட முடியாது. வரப்போரம் நடந்துட்டே எண்ணினா அதுவும் கணக்கு ஏறிடும், நிறைய பூச்சிங்க முதல்ல ஓரத்துலதான் இறங்கும்.

ரெப்ளிகேஷன்ல, அதாவது ஒரே ட்ரீட்மென்ட்ட தனித்தனியா திரும்பத் திரும்ப வைக்கறதுல, ஏமாறாதவங்க கம்மி. ஒரு தொட்டிலேர்ந்து பத்து இலை எடுத்தா பத்து ரெப்ளிகேஷன் ஆகாது, மருந்து தொட்டிக்கு கொடுத்தீங்கன்னா தொட்டிதான் ஒண்ணு. சூழலியல் ஆராய்ச்சியாளர் ஹர்ல்பர்ட் 1984-ல இதுக்கு பொய் ரெப்ளிகேஷன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரே வச்சாரு, இன்னும் அது நின்னபாடில்ல.

பூச்சிமருந்து சோதனைல கண்ட்ரோலுக்கு (ஒப்பிட்டுப் பாக்க மருந்து இல்லாம வைக்கறது) வெறும் தண்ணி வச்சா போதாது, மருந்தோட கலந்த ஒட்டுதிரவமோ கரைப்பானோ அதுலயும் இருக்கணும். கண்ட்ரோல்லயே 10% செத்து, மருந்துல 70% செத்தா 60-னு கழிச்சு எழுதறவங்க இருக்காங்க. ஆபட் 1925-ல கொடுத்த ஃபார்முலா படி அந்த 60-அ கண்ட்ரோல்ல பிழைச்ச 90-ஆல வகுத்தா 66.7% வரும். கண்ட்ரோல் சாவு 20% தாண்டினா திருத்தறதுல பிரயோஜனம் இல்ல, சோதனைய திரும்பப் பண்ணுங்க.

பிளேட்ல ட்ரைக்கோடெர்மாங்கற நல்ல பூஞ்சை நோய்ப்பூஞ்சைய அமுக்கிடுச்சுன்னு உடனே "சிறந்த உயிரியல் கட்டுப்பாடு"னு தலைப்பு போடாதீங்க, பிளேட்ல சாப்பாடு தாராளம், மண்ணுல வெப்பம், ஈரம், மத்த நுண்ணுயிர்னு ஆயிரம் போட்டி. மருந்தடிச்ச மூணாம் நாள் மட்டும் எண்ணிட்டு கிளம்பிடறதும் இதே ரகம்தான். நெல்லுல சில பைரித்ராய்டு அடிச்சா பூச்சிய திங்கற சிலந்தி மாதிரி நல்ல உயிரிங்க செத்து ரெண்டு மூணு வாரத்துல புகையான்ங்கற சாறு உறிஞ்சற பூச்சி முன்னைவிட பெருகும், மூணாம் நாள் டேட்டா மட்டும் வச்சிருக்கறவருக்கு அது சூப்பர் மருந்து.

இன்னொண்ணு, எந்த புத்தகத்துலயும் இருக்காது. மருந்தடிக்காத கண்ட்ரோல் பிளாட் அழியறத பாத்து வயல்ல வேல செய்யறவங்களுக்கு மனசு கேக்காம டேங்க்ல மிச்சம் இருந்தத அதுக்கும் ஒரு தெளி தெளிச்சிட்டு போயிடுவாங்க, எனக்கு ஒரு சீசனே போச்சு. அந்த பிளாட் ஏன் அப்படி கிடக்குன்னு முதல் நாளே உக்காந்து சொல்லிடுங்க, பெருசா ஒரு போர்டும் நட்டு வையுங்க.