ஃபேன் பழக்கத்தை ஹீட்டரிடம் காட்டாதீர்கள்

நம் வீடுகளில் ஃபேன் ஓடாத நேரம் குறைவு. ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்குகிறோம். டேபிள் ஃபேனை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி வராண்டா வரை இழுத்துப் போகிறோம். ஆளில்லாத ஹாலில்கூட அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதே தைரியத்தோடு மார்கழியில் வாட்டர் ஹீட்டர் ராடையும், மலைப்பக்கம் ரூம் ஹீட்டரையும் கையாளும்போதுதான் ஆபத்து வருகிறது. சாதாரண சீலிங் ஃபேன் எடுப்பது சுமார் 75 வாட். பக்கெட்டில் போடும் ராடு 1,500 வாட்கூட எடுக்கும். இருபது ஃபேனை ஒரே ப்ளக்கில் செருகியது மாதிரி.

முதலில் ஃபேன். அது அறையைக் குளிர்விப்பதில்லை. நம் உடம்பில் இருக்கும் வியர்வையைச் சீக்கிரம் காய வைக்கிறது, அதனால் நமக்குக் குளிர்கிறது. ஆகவே "ரூம் கொஞ்சம் குளிரட்டும்" என்று போகும் முன்பே போட்டு வைப்பதில் பலன் இல்லை. ஆளில்லாத அறையில் மோட்டாரின் சூடு கொஞ்சம் கூடுவதுதான் மிச்சம்.

இதையே கடும் வெயில் நாளுக்கும் நினைவில் வையுங்கள். அறைக்குள்ளேயே 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேனை நம்பியிருக்கக் கூடாது, அது உடம்பைச் சூடாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அக்னி நட்சத்திரத்தில் வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி பக்கம் அந்த அளவு வெயில் புதிதல்ல. ஓட்டு வீட்டிலும் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையிலும் சூடு இன்னும் ஏறும். வயதானவர்களுக்கு வியர்ப்பதே குறைவு. "ஃபேன் ஓடுதே, அப்புறம் என்ன" என்று அவர்களை மதியம் முழுக்க அந்த அறையில் விட்டுவிடாதீர்கள். கை, கால், கழுத்தை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிடுங்கள், தண்ணீர் கொடுங்கள், முடிந்தால் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். சாயங்காலம் வெளிக்காற்று தணிந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, டேபிள் ஃபேனை ஒரு ஜன்னலில் வெளியே பார்த்தபடி வைத்தால் உள்ளே தேங்கிய சூட்டைத் தள்ளிவிடும். எல்லாவற்றையும் மூடிவிட்டு சீலிங் ஃபேனை மட்டும் வேகமாக வைத்தால் மேலே இருக்கும் சூடுதான் தலையில் இறங்கும்.

கரண்ட் பில்லைப் பார்ப்போம். நான்கு பழைய ஃபேன்கள் தினமும் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 216 யூனிட். அதே காற்றைத் தரும் பிஎல்டிசி ஃபேன், அதாவது மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் புதுவகை மோட்டார் உள்ள ஃபேன், 30 வாட் அளவில்தான் எடுக்கும். நான்குக்கும் சேர்த்து 86 யூனிட் வரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கான சலுகை விலையும் கொஞ்சம் பறிபோகும் என்பதால், அந்தக் கோட்டின் அருகில் இருக்கும் வீட்டுக்கு இந்த 130 யூனிட் பெரிய விஷயம். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். வாங்கும்போது அதைப் பாருங்கள். பிஎல்டிசி மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை அப்படியே விடாமல் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கழற்றிவிடுங்கள். தொட்டால் சுடும் பழைய பெட்டி ரெகுலேட்டர் இன்னும் இருந்தால், ஸ்பீடைக் குறைத்து மிச்சப்படுத்துவதாக நினைக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி அந்தச் சூட்டில்தான் போகிறது.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பல நேரம் கெட்டிருப்பது கன்டென்சர்தான். சின்னச் செலவு. அதை மாற்றாமல் கையால் தள்ளிச் சுற்றவிட்டு ஓட்டுவது தவறு. சுற்ற முடியாமல் உறுமும் மோட்டார் சூடேறி எரியும். ஃபேன் ஆடினால் பழகிப் போகாதீர்கள். மேலே கொக்கி, ரப்பர் புஷ், போல்ட், அதில் குத்தியிருக்கும் பின் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். றெக்கை துடைக்கும் முன் ஸ்விட்சோடு எம்சிபியையும் (மெயின் பெட்டியில் லோடு கூடினால் தானே விழும் ஸ்விட்ச்) இறக்கிவிடுங்கள். ஃபேனுக்குக் கீழே நின்று குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொஞ்சவே வேண்டாம்.

சரி, ஹீட்டருக்கு வருவோம். சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. நம் 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1,380 வாட்தான் அதன் எல்லை. 1,500 வாட் ராடையோ 2,000 வாட் ரூம் ஹீட்டரையோ அதில் செருகினால், அடாப்டர் போட்டாலும், உள்ளே வயர் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். பவர் ப்ளக் வேண்டும். ப்ளக்கைத் தொட்டால் சுடுகிறது, சாக்கெட் பழுப்பேறியிருக்கிறது என்றால் அன்றே நிறுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மூன்றாவது பின் நுழையவில்லை என்று அதை ஒடித்துவிட்டுச் செருகுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராடு உள்ளே ஓட்டையானால் கரண்ட் போவதற்கு இருக்கும் ஒரே நல்ல வழி அந்த எர்த்.

ராடில் உயிர் போவது பெரும்பாலும் ஒரு விரலால். தண்ணீர் சுட்டதா என்று ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போதே தொட்டுப் பார்ப்பது. ராடை முதலில் தண்ணீரில் குறியளவு வரை அமிழ்த்துங்கள், அப்புறம் ஸ்விட்ச். எடுக்கும்போது ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து, பிறகுதான் தண்ணீரில் கை. இரும்பு, அலுமினிய வாளி கூடாது. பிளாஸ்டிக் பக்கெட்டில் ராடு சுவரைத் தொடாமல் ஒரு குச்சியில் தொங்கட்டும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் இதைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள்.

"எங்கள் வீட்டில் எம்சிபி இருக்கிறது" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எம்சிபி வயரைக் காப்பது. ஆளைக் கொல்லும் கசிவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆளைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தி, டிரிப் ஆகிறதா என்று பாருங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள்.

கீசரை நாள் முழுக்க ஆனில் விடுவதும் ஃபேன் பழக்கம்தான். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர 2,000 வாட் கீசருக்கு இருபது நிமிடம் போதும், செலவு 0.6 யூனிட் அளவு. குளிக்கும் முன் அணைத்துவிடுங்கள். அடியில் சேஃப்டி வால்வு சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடக் கூடாது. உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேற வைத்த வழி அது.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ரூம் ஹீட்டர் வைப்பவர்கள் திரைச்சீலை, கம்பளி, படுக்கை எதுவும் மூன்றடிக்குள் வராமல் பாருங்கள். ஈரத்துணியை அதன் மேல் காயப்போடாதீர்கள், தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். சின்ன 400 வாட் ஹீட்டர் பெரிய அறையையே சூடாக்கும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். கம்பி ஹீட்டரோ ஆயில் ஹீட்டரோ, ஒரு யூனிட் மின்சாரம் தருவது ஒரே அளவு சூடுதான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது மூடிய அறையில் கரி மூட்டுவதும், காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் வைப்பதும். இரண்டிலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். பார்பிக்யூ அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து அறைக்குள் எடுத்துவருவதும் அதே ஆபத்து, சாம்பலுக்குள் கனல் இருக்கும். கேஸ் கீசரை பாத்ரூமுக்கு வெளியே, காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் உடனே வெளியே வாருங்கள். குளிக்கப் போனவர் கூப்பிட்டும் குரல் கொடுக்கவில்லை என்றால் கதவை உடைத்து அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, 108-ஐ அழையுங்கள்.