பீட்டர் குஷிங் நினைவுத் தொகுப்பு: ரசிகர்கள் வழுக்கி விழும் இடங்கள்

பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் குஷிங் 1994 ஆகஸ்ட் 11 அன்று கான்டர்பரியில் காலமானார். வயது 81. இன்றும் அவருடைய ஸ்டில், போஸ்டர், பேட்டி என்று தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். சேர்ப்பது சுகமான வேலை. அதை ஒழுங்குபடுத்தித் தொகுப்பாக்க உட்காரும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. மனசுக்குப் பிடித்த ஆள் என்பதால், அவரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அப்புறம் எதையும் சரிபார்க்கத் தோன்றுவதில்லை.

எல்லோரும் செய்யும் தவறிலிருந்து தொடங்கலாம். குஷிங் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்றவுடன் அவரையே பூதமாக்கி விடுகிறார்கள். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தை உண்டாக்கிய விஞ்ஞானியின் பெயர். 1957-இல் ஹாமர் என்ற பிரிட்டிஷ் படக் கம்பெனி எடுத்த முதல் படத்தில் குஷிங் அந்த விஞ்ஞானி, பூதம் கிறிஸ்டோபர் லீ. அந்த வரிசையில் ஹாமர் எடுத்தவை ஏழு படங்கள், குஷிங் நடித்தவை ஆறு. 1970-இல் வந்த படத்தில் அந்த வேடம் ரால்ஃப் பேட்ஸுக்குப் போனது. 'ஏழிலும் குஷிங்' என்று எழுதி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

படப்பட்டியல் வீங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1958-இல் பிரிட்டனில் 'டிராகுலா' என்று வந்த படம் அமெரிக்காவில் 'ஹாரர் ஆஃப் டிராகுலா' ஆனது. 1962-இல் வந்த 'கேப்டன் கிளெக்' அங்கே 'நைட் கிரியேச்சர்ஸ்'. இரண்டு பெயரையும் இரண்டு படமாகப் போட்டால் நடிகர் நடிக்காத படங்களும் அவர் கணக்கில் ஏறும். ஆண்டிலும் இதே தொல்லை. அவருடைய கடைசி ஃபிராங்கன்ஸ்டைன் படம் 1972-இல் எடுக்கப்பட்டு 1974-இல்தான் திரைக்கு வந்தது. ஏதோ ஓர் ஆண்டை மட்டும் போடாமல், எடுத்தது எப்போது, வெளியானது எப்போது என்று இரண்டையும் குறித்துவிடுங்கள்.

தொலைக்காட்சிப் பக்கம் போனால் குழி இன்னும் ஆழம். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை பிபிசி நாடகமாக்கியபோது கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித் வேடம் குஷிங்குக்கு. 1954 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை அது நேரடியாக ஒளிபரப்பானது. நாடகத்தின் கொடூரம் தாங்காமல் நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. அடுத்த வியாழன், டிசம்பர் 16 அன்று, மறுபடி ஒளிபரப்பினார்கள். மறு ஒளிபரப்பு என்றால் நாம் நினைப்பதுபோல் ஓடிய நாடாவை மீண்டும் ஓட்டுவது இல்லை. நடிகர்கள் திரும்ப வந்து முழு நாடகத்தையும் இன்னொரு முறை நடித்தார்கள். ஃபிலிமில் பதிவாகி இன்று நம் கைக்குக் கிடைப்பது அந்த வியாழக்கிழமை நடிப்புதான். ஞாயிற்றுக்கிழமை நடிப்பு காற்றோடு போயிற்று. ஆனாலும் அந்தப் பதிவிலிருந்து எடுத்த காட்சிகளுக்குக் கீழே 'டிசம்பர் 12' என்று எழுதுவது தொடர்கிறது. நான்கு நாள்தானே என்று தோன்றலாம். ஆனால் நாம் பார்ப்பது வேறொரு இரவின் நடிப்பு.

1968-இல் பிபிசியில் அவர் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்தது 16 பகுதிகள். எஞ்சியவை ஆறு. மற்றவற்றின் நாடாக்களை அழித்துவிட்டார்கள், அந்தக் காலத்தில் அது அங்கே சாதாரண வழக்கம். அழிந்த பகுதிகளுக்கு யாரோ எழுதிய கதைச் சுருக்கத்தை வைத்து 'குஷிங் இங்கே அபாரம்' என்று பாராட்டி எழுதுவது கொஞ்சம் அதிகம்தான். இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஹோம்ஸின் நண்பர் வாட்சனாக வந்த நைஜல் ஸ்டாக், அதற்கு முன் 1964–65-இல் டக்ளஸ் வில்மர் ஹோம்ஸாக நடித்தபோதும் வாட்சன்தான். ஸ்டாக் தனியாக நிற்கும் ஒரு படம் கிடைத்தால் அது எந்தத் தொடர் என்று பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

லீயும் குஷிங்கும் சேர்ந்து நடித்த படங்கள் எத்தனை? ஆளுக்கொரு எண் சொல்வார்கள். 1948-இல் வந்த 'ஹாம்லெட்'டில் குஷிங்குக்கு ஆஸ்ரிக் என்ற வேடம். லீ, பெயர்கூடப் போடாத காவலன். 1952-இல் வந்த 'மூலன் ரூஜ்' படத்திலும் இருவரும் உண்டு, ஆனால் ஒன்றாக ஒரு காட்சியும் இல்லை. எதை எண்ணினோம், எதை விட்டோம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் சண்டைக்கே இடமில்லை.

சரி, காகிதத்துக்கு வருவோம். என் ஆரம்பகாலக் கூத்தைச் சொல்கிறேன். பத்திரிகையிலிருந்து அவர் பேட்டி ஒன்றை அழகாக, படத்தின் ஓரத்தோடு ஒட்டி வெட்டி எடுத்து வைத்தேன். பத்திரிகையின் பெயரும் தேதியும் குப்பைக்கூடைக்குப் போயின. இன்றைக்கு அது வெறும் காகிதம். போஸ்டர்களிலும் இப்படித்தான். அந்தக் கால அமெரிக்கப் போஸ்டர்களின் கீழ் ஓரத்தில் 58 என்றோ 62 என்றோ தொடங்கும் ஓர் எண் இருக்கும். அது ஆண்டைக் காட்டும். முன்னால் ஆர் (R) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மறுவெளியீட்டுக்கு அச்சடித்தது. ஓரம் அசிங்கமாக இருக்கிறதென்று நறுக்கினால் அடையாளமே போய்விடும். ஸ்டில்லின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், முத்திரையும் குறிப்பும் அங்கேதான் இருக்கும். செலோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். மங்கலான முகத்தைச் செயற்கை நுண்ணறிவில் போட்டுத் தெளிவாக்கினால் வருவது குஷிங் மாதிரி இருக்கும் வேறு யாரோ. அசல் ஸ்கேனைத் தொடாமல் தனியே வையுங்கள்.

உரிமை விஷயம் சுருக்கமாக. ஸ்டில்லைக் காசு கொடுத்து வாங்கியதால் அதன் பதிப்புரிமை நமக்கு வந்துவிடாது. அவர் கைப்பட எழுதிய கடிதம் உங்களிடம் இருந்தால் காகிதம் உங்களுடையது, அதிலுள்ள எழுத்தின் உரிமை வாரிசுகளுடையது. கடிதத்தின் தலைப்பில் இருக்கும் வீட்டு முகவரியை மறைத்துவிடுங்கள். அவர் வாழ்ந்த விட்ஸ்டபிள் ஊரைப் பற்றித் தாராளமாக எழுதலாம். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருப்பார்கள்.

மனைவி ஹெலனை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையை எழுத முடியாது. 1971 ஜனவரியில் ஹெலன் இறந்தார். அப்போது 'பிளட் ஃப்ரம் தி மம்மீஸ் டூம்' படத்தில் குஷிங் ஒரே ஒரு நாள் நடித்திருந்தார், மனைவியின் நோயால் விலகினார். வேடம் ஆண்ட்ரூ கீருக்குப் போனது. அந்த ஒரு நாள் ஸ்டில் கிடைத்தால் பொக்கிஷம்தான், ஆனால் படப்பட்டியலில் அதை ஏற்றாதீர்கள். அந்தத் துக்கத்தைப் பற்றி அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாம் அதற்கு மேல் மசாலா சேர்க்க வேண்டியதில்லை.

கடைசிப் படம் எது என்பதிலும் குழப்பம் உண்டு. திரையில் அவர் கடைசியாக நடித்தது 1986-இல் வந்த 'பிகிள்ஸ்'. 1994-இல் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு ஹாமர் பற்றிய ஆவணப்படத்துக்கு லீயோடு சேர்ந்து குரல் கொடுத்தார். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2016-இல் வந்த 'ரோக் ஒன்'னில் தெரிவது கணினியில் செய்த குஷிங் முகம், உடலும் நடிப்பும் கய் ஹென்றியுடையவை. என் தொகுப்பில் அந்தப் படம் தனிப் பக்கத்தில் இருக்கிறது, மேலே ஹென்றியின் பெயர்தான் முதலில்.