மலையகத்து ஈரமும் இஞ்சி பிஸ்கட் நத்தாரும்: எங்கே தவறுகிறோம்?

ஜிஞ்சர்பிரெட் எனப்படும் இஞ்சி பிஸ்கட், ஜெர்மனியின் நியூரம்பேர்க் போன்ற குளிர்நாட்டு நகரங்களில் பேர் பெற்ற பலகாரம். அங்கே டிசம்பரில் வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் கணப்பு எரியும். உள்ளே காற்று காய்ந்து கிடக்கும். மரத்தில் கட்டிய பிஸ்கட் நாள்கணக்கில் மொறுமொறுப்பாகத் தொங்கும். இலங்கை மலையகத்து நுவரெலியாவும் குளிர்தான், 1,868 மீற்றர் உயரம்தான். ஆனால் நம்முடையது ஈரக் குளிர். வருட முடிவில் வடகீழ்ப் பருவமழை பதுளை, பண்டாரவளைப் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும். ஹட்டன், தலவாக்கலையின் லயன்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பின்னேரமே மூடுபனி இஸ்தோப்பு வரை ஏறிவிடும். குளிர்நாட்டுக் காணொளியைப் பார்த்து அப்படியே செய்த இஞ்சி பிஸ்கட் நத்தார் அலங்காரங்கள் இங்கே பாழாவதற்குப் பெரும்பாலும் இந்த ஈரம்தான் காரணம். கைப்பக்குவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த நாட்டார் ஒரு காலத்தில் கப்பலேற்றி, பொன் கொடுத்து வாங்கிய கறுவா, கராம்பு, சாதிக்காய் எல்லாம் நமக்குச் சந்தைச் சரக்கு. அப்படியிருக்க, இறக்குமதிக் கலவைத் தூள் என்று சிறு போத்தலில் அடைத்து விற்பதைச் சுப்பர் மார்க்கெட்டில் தேடி வாங்குவதுதான் முதல் வீண்செலவு. இரண்டு தேக்கரண்டி சுக்குத் தூள், ஒரு தேக்கரண்டி கறுவாத் தூள், இடித்த கராம்பு ஒரு சிட்டிகை, துருவிய சாதிக்காய் கொஞ்சம். அந்தப் போத்தலுக்குள் இருப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

உப்பு மா வியர்க்கும்

உண்பதற்கல்லாத, வருடக்கணக்கில் வைத்திருக்கக்கூடிய இஞ்சி மனிதன் (மனித உருவில் வெட்டும் இஞ்சி பிஸ்கட்) பொம்மை வேண்டும் என்பவர்கள் உப்பு மாவுக்குப் போகிறார்கள். இரண்டு பங்கு கோதுமை மா, ஒரு பங்கு தூள் உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர். மலிவான அலங்காரம்தான். ஆனால் மலையகத்தில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். நம் ஊரில் இரவு நேரத்தில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். மாலையில் கட்டித் தொங்கவிட்ட பொம்மையைக் காலையில் பாருங்கள்: நெஞ்சில் பொடிப்பொடியாக நீர்த்துளி அரும்பியிருக்கும், தடவிய வெள்ளைப் பூச்சு மேலே வழுக்கிக்கொண்டு வரும். பகலில் வெயில் பட்டால் நீர் வற்றி, அந்த இடத்தில் உப்புப் பூத்து நிற்கும். நாலைந்து நாள் இப்படிப் போனால் கை வேறு, கால் வேறாக உதிரும்.

பலரும் செய்வது, மேற்பக்கம் மட்டும் வார்னிஷ் பூசிவிட்டு, முதுகையும் ஓரத்தையும் அப்படியே விட்டுவிடுவது. ஈரத்துக்கு முன், பின் என்று கணக்கில்லை. நூல் கோக்கும் துளையின் உட்சுவர் வரை பூச வேண்டும். அதைவிட மோசம், உள்ளே காயாத பொம்மைக்கு அவசரப்பட்டு வார்னிஷ் அடிப்பது. ஈரம் உள்ளே சிறைப்பட்டு, பூச்சுக்கடியில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஐந்தாறு மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பு வேண்டாம். அவண் இருந்தால் 100 பாகை செல்சியஸில் இரண்டு, மூன்று மணி நேரம். இல்லாவிட்டால் விறகடுப்புக்கு மேலே உள்ள பரணில் தட்டோடு வைத்து, தினமும் புரட்டிப் போட்டு, சில நாள் காய விடுங்கள். நகத்தால் தட்டிப் பாருங்கள்: மந்தமான சத்தம் வந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, ஓட்டுத் துண்டைத் தட்டியதுபோல ‘டக்’ என்று வந்தால் பூச்சுக்குத் தயார். ஹாட்வெயாரில் ஒரு சின்ன ரின் வார்னிஷ் வாங்கி நாலு வீட்டார் பகிர்ந்துகொண்டால் செலவு தெரியாது. பூசும்போது மட்டும் கதவு, யன்னல் திறந்திருக்கட்டும்.

பழுப்பு நிறத்துக்குச் சாயம் வாங்கத் தேவையில்லை. தண்ணீருக்குப் பதிலாக டஸ்ட் தேயிலையைக் கடுஞ்சாயமாகக் கொதிக்க வைத்து, ஆறிய பின் அதை ஊற்றிப் பிசையுங்கள். பால் தேநீர் நிறம் வரும். இன்னும் கருக்க வேண்டுமென்றால் கொக்கோத் தூள் ஒரு கரண்டி போதும். நிறம் நன்றாக வரும் என்று சீனிப் பாகை மட்டும் சேர்க்காதீர்கள். சீனியும் ஈரத்தை இழுக்கும், உப்புக்குத் துணை போகும்.

வாசனைக்குக் கறுவாத் தூள் ஒரு தேக்கரண்டி நல்லதுதான். ஆனால் அதோடு ஓர் ஆபத்தும் வருகிறது. பிஸ்கட் போலத் தெரிந்து, பிஸ்கட் போல மணக்கும் இந்தப் பொம்மையில் மூன்றில் ஒரு பங்கு உப்பு. குழந்தை ஒரு கடி கடித்துத் துப்பிவிடும். வீட்டு நாய் துப்பாது, முழுதாக விழுங்கும். அவ்வளவு உப்பு நாயின் உயிருக்கே உலை வைக்கலாம். எட்டாத உயரத்தில் கட்டுங்கள். பரிசாகக் கொடுத்தால் ‘உண்ணக் கூடாது’ என்று முதுகில் எழுதிக் கொடுங்கள்.

பச்சை இஞ்சியும் பாதிக் கொதித்த பாணியும்

உண்ணும் பிஸ்கட்டுக்கு நான் நம்பும் அளவு: கோதுமை மா 350 கிராம், மாஜரின் 125 கிராம், சிவப்புச் சீனி 175 கிராம், முட்டை ஒன்று, கெட்டிப் பாணி நாலு மேசைக்கரண்டி, மேலே சொன்ன சரக்குகள், அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி.

இதில் முதல் தவறு பச்சை இஞ்சி. பெயரிலேயே இஞ்சி இருக்கிறதே என்று ஒரு துண்டைத் துருவிப் போட்டுவிடுகிறார்கள். பச்சை இஞ்சியின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அந்த நீர் மாவை ஒட்டவைக்கும், பிஸ்கட்டை நமத்துப்போக வைக்கும். சுக்கு அப்படியல்ல. இஞ்சி காயும்போது அதன் காரச் சத்தில் ஒரு பகுதி இன்னும் உறைப்பான வேறொன்றாக மாறுகிறது; ஆகவே கொஞ்சம் போட்டாலே போதும். சுக்கை வெறும் சட்டியில் இலேசாகச் சூடாக்கி இடித்துச் சலித்தால் நார் பல்லில் சிக்காது.

அடுத்தது பாணி. வெளிநாட்டுக் குறிப்பில் வரும் பாகு தேன்போலக் கெட்டியானது. நம் கித்துள் பாணி பெரும்பாலும் அதைவிடத் தண்ணியாக இருக்கும். அப்படியே ஊற்றினால் மா கையோடு வரும், பிறகு உலர்ந்த மாவை அள்ளிப் போட்டுச் சமாளிப்போம், பிஸ்கட் கல்லாகும். சிறு தீயில் வற்றவைத்து, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும் பதத்தில் எடுங்கள். கித்துளுக்குக் கட்டுப்படியாகாதவர்கள் சீனியைச் செம்பொன் நிறம் தாண்டும் வரை கருக்கி, கொதிநீர் விட்டுப் பாகாக்கிக் கொள்ளலாம். நத்தார் கேக்குக்குச் செய்வதுதானே. நீர் ஊற்றும்போது பாகு மேலே தெறிக்கும். கையையும் முகத்தையும் தள்ளி வையுங்கள்.

மாஜரின் வாங்கும்போது, பாணில் பூசுவதற்கென்று விற்கும் மென்மையான டப்பாச் சரக்கு வேண்டாம். அதில் தண்ணீர் கூடுதலாக இருக்கும். இஞ்சி மனிதன் தட்டில் உருகிப் பரந்து, கழுத்தில்லாத மனிதனாக வெளியே வருவான். கேக் அடிக்கும் கட்டி மாஜரினே ஏற்றது.

மரத்தில் தொங்கப்போகும் பிஸ்கட்டுக்கும், சுவரும் கூரையுமாக ஒட்டி வீடு கட்டும் பிஸ்கட்டுக்கும் அப்பச்சோடாவே வேண்டாம் என்பது என் கட்சி. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். மாவுக்குள் பிறக்கும் வாயு சமவெளியில் விரிவதைவிட இங்கே கூடுதலாக விரியும். விளிம்பு நேராக நிற்காது. சுவரோடு கூரை பொருந்தாது. நூலுக்கான துளையை வேகவைப்பதற்கு முன்பே குளிர்பானக் குழாயால் போடுங்கள், விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றராவது தள்ளி. அடுப்பில் அது சுருங்கிவிடும். தட்டு வெளியே வந்த சூட்டோடு அதே குழாயால் மறுபடியும் ஒரு குத்து. ஆறிய பிறகு துளைக்கப் போனால் தலை இரண்டாகும்.

அவண் இல்லை என்று கைவிடுபவர்களும் இருக்கிறார்கள். கேக் தட்டைப் பக்கத்துப் பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. பிஸ்கட்டையும் அப்படிச் சுடலாம். ஆனால் பாண் வேகும் சூட்டில் போறணைக்குள் தள்ளினால் ஐந்து நிமிடத்தில் கரி. இதற்கு வேண்டியது 180 பாகை, பத்துப் பன்னிரண்டு நிமிடம். பாண் இறக்கி, சூடு தணிந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரே ஒரு பிஸ்கட்டை அனுப்பிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஐசிங்கில் ஒன்று மட்டும். ஐசிங் சீனியைத் தண்ணீரிலோ பாலிலோ குழைத்தால் நம் காற்றில் அது இறுகவே இறுகாது. ஒரு முட்டை வெள்ளைக் கருவுக்கு 200 முதல் 250 கிராம் ஐசிங் சீனி, சில துளி தேசிக்காய்ச் சாறு. அடித்த பின் கரண்டியால் கோடு கிழித்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். பச்சை முட்டை என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கும் பிஸ்கட்டை ஐசிங் இல்லாமல் விடுங்கள். பிழிவதற்குப் பை வாங்க வேண்டாம். கழுவிக் காயவைத்த பால்மா பக்கற்றின் மூலையை ஊசிமுனை அளவுக்கு வெட்டினால், கடைப் பையைவிட நேராகக் கோடு விழும்.

அட்டைதான் என் தேர்வு

பிள்ளைகளோடு செய்வதென்றால், செலவே கூடாதென்றால், கடைக்காரர் எறியும் கார்ட்போட் பெட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. அதன் இயல்பான நிறமே இஞ்சி பிஸ்கட் நிறம். அதன்மேல் பழுப்பு வர்ணம் பூசுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. காசுக்குக் காசும் போகிறது, அட்டையும் நனைந்து வளைகிறது. எழுத்து அச்சிட்ட பக்கத்தை உள்ளே வைத்து இரண்டு அட்டைகளை ஒட்டி, விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி வெள்ளை வர்ணத்தால் ஒரு நெளிகோடு ஓடவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பிழை திருத்தும் வெள்ளை மையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் குளிருக்குக் கதவடைத்த அறையில் உட்கார வைக்காதீர்கள். அதன் நெடி நல்லதல்ல. போஸ்டர் வர்ணம் போதும்.

மாப்பசையும் வேண்டாம். லயன் வீட்டில் மாப்பசை கரப்பானுக்கும் எலிக்கும் வைத்த விருந்து. பூச்சி வராமலிருக்கப் பழைய முறையில் மயில்துத்தம் கலப்பவர்கள் உண்டு, அது நஞ்சு. பைண்டர் கம் மலிவாகக் கிடைக்கும்போது ஏன் இந்த வம்பு?

கண்ணுக்கும் பொத்தானுக்கும் அழகாக இருக்கும் என்று குன்றிமணி ஒட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அந்தச் சிவப்பு விதைக்குள் இருப்பது கொடிய விடம். உடைந்த விதை ஒன்று பிள்ளையின் வாய்க்குள் போனாலே பெரும் ஆபத்து. பழைய சட்டைப் பொத்தான் இருக்கிறது, கராம்பு மொட்டு இருக்கிறது. கராம்பைக் கண்ணாகக் குத்தினால் அட்டை மனிதனுக்கும் இஞ்சி பிஸ்கட்டின் மணம் வந்துவிடும்.

மரத்துக்கு நம் பக்கத்தில் சைப்ரஸ் கிளைதான். தோட்டத்து எல்லையிலும் வனப்பகுதியிலும் கேட்காமல் வெட்டிச் சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். வேலி கத்தரிப்பவரிடம் சொல்லிவைத்தால் கிளை சும்மாவே கிடைக்கும். சைப்ரஸ் நுனி மெல்லியது. உப்பு மாப் பொம்மையை நுனியில் கட்டினால் மரமே கும்பிடு போடும். கனமானவை அடித்தண்டை ஒட்டி, அட்டை பொம்மைகள் நுனியில். உண்ணும் பிஸ்கட்டை 24ஆம் திகதி மாலைக்கு முன்னால் தொங்கவிடாதீர்கள். முந்தித் தொங்கவிட்டால் ஈரம் ஒருபக்கம், எறும்பு மறுபக்கம். மெழுகுதிரி மரத்தின் பக்கமே வர வேண்டாம்.

பரிசுப் பொட்டலங்கள்

சூடாக இருக்கும்போதே பிஸ்கட்டைப் பொலித்தீனில் கட்டுவது எங்கும் நடக்கிறது. ஆவி உள்ளேயே நீராகி, மறுநாள் கொடுக்கும்போது பிஸ்கட் தோசையாக வளையும். முழுக்க ஆறிய பின் இறுக்கமான ரின்னில் போடுங்கள். நமத்துப்போயிருந்தால் எறிய வேண்டாம்: ஐசிங் இடாதவற்றை 150 பாகையில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

உலர் மாக் கலவையை ஜாம் போத்தலில் அடுக்கடுக்காக நிரப்பிக் கொடுப்பது பார்வைக்கு நல்ல பரிசு. போத்தலைக் கழுவி ஒரு நாள் கவிழ்த்து வைத்தும் அடியில் ஈரம் தங்கியிருக்கும். அடுப்பருகே சூடேற்றி ஆறவைத்து நிரப்புங்கள். எவ்வளவு மாஜரின், எவ்வளவு பாணி, எத்தனை முட்டை சேர்க்க வேண்டும் என்று துண்டுக் கடதாசியில் எழுதிக் கட்டாவிட்டால் அந்தப் போத்தல் அலுமாரியிலேயே கிடக்கும். அயலவர் சிங்களவர் என்றால் சிங்களத்திலும் எழுதுங்கள், பிள்ளைகளில் யாருக்காவது எழுதத் தெரிந்திருக்கும்.

மாவும் முட்டையும் வாங்கவே முடியாத வருடம் என்றால் சுக்குத் தேயிலை கொடுங்கள். நூறு கிராம் டஸ்ட் தேயிலைக்கு ஒரு தேக்கரண்டி சுக்குத் தூள், இரண்டு ஏலக்காய், ஒரு கறுவாத் துண்டு, மூன்று கராம்பு. பிறவுண் பேப்பரில் மடித்து, சணல் நூலால் கட்டி, ஓர் அட்டை இஞ்சி மனிதனை முடிச்சில் கோத்துவிட்டால் கடைப் பரிசுக்குக் குறையாது. பலகாரத் தட்டு வெறுமையாகத் திரும்பாத ஊர் நம்முடையது. தீபாவளிக்கு முறுக்கு அனுப்பிய வீட்டுக்கு நத்தாரன்று இந்தப் பொட்டலத்தைத் தட்டில் வைத்து அனுப்பலாம்.

காலக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை வேலையை மாதத் தொடக்கத்திலேயே முடிக்கலாம். உப்பு மா காய நாளாகும் என்பதால் 10ஆம் திகதிக்குள் பரணில் ஏறிவிட வேண்டும். பிஸ்கட் 20ஆம் திகதிக்குப் பிறகு போதும், ஆனால் பேக்கரிக்காரரிடம் அதற்கு முன்பே பேசிவைத்துவிடுங்கள். கடைசி மூன்று நாளில் ஊரார் கேக் தட்டுகள் வாசல் வரை வரிசையில் நிற்கும், உங்கள் பிஸ்கட்டுக்கு அவர் போறணையில் இடம் இருக்காது.