ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்து வயிற்றுவலி

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது சரக்கு வாங்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுப்பது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிசையும். சம்பளம்தான் குறை என்று நினைத்து இரண்டு கம்பெனி மாறினேன். வயிற்றுவலியும் கூடவே வந்தது.

மனிதனை உள்ளிருந்து இயக்குபவை தன்னிச்சை, திறமை, உறவு என்ற மூன்று தேவைகள் என்கிறார்கள் டெசி, ரயான் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். கேட்க நன்றாக இருந்தது. எனக்கு எது என்றுதான் தெரியவில்லை. மகளின் பழைய ரஃப் நோட்டில் தினமும் ராத்திரி இரண்டே வரி எழுதினேன்: இன்று எப்போது மணி பார்க்க மறந்தேன், எப்போது எரிச்சல் வந்தது.

மூன்று வாரம் கழித்துப் புரட்டினால் எரிச்சல் வரிகளில் பாதி ஒரே விஷயம். துணி சாயப்பட்டறையை விட்டே வந்திருக்காது. "சரக்கு கிளம்பிடுச்சு சார்" என்று பையரிடம் நான் சொல்லியிருப்பேன். மணி மறந்ததெல்லாம் துணியின் நிறத்தைச் சோதிக்கும் லேப்பில். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி, லைட் பாக்ஸ் என்ற சோதனைப் பெட்டியில் பகல் வெளிச்சம் போன்ற டி65 வெளிச்சம் போட்டதும் வேறு வேறு நிறமாகும். அதைப் புதுப் பையன்களுக்குக் காட்டும்போது அவர்கள் கண் விரிவதைப் பார்க்கணுமே!

லேப்புக்கே மாற்றிக் கேட்டேன். மாதம் ஆறாயிரம் குறைவு. வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை, அதுவும் நியாயம்தான். மூன்றாம் நாள் மனைவியே சீட்டுக் கணக்கை எடுத்து வைத்து, "எதைக் குறைக்கலாம், சொல்லுங்க" என்றாள்.