மானாவாரி மல்லாட்டை: மழை ஏய்த்தாலும் தாங்க ஒரு செய்முறை

மழை எப்படியெல்லாம் ஏய்க்கும் என்று வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. காலநிலை மாற்றம் என்றதும் பலர் புது ரகம், புது மெஷின் என்று விசாரிக்கிறார்கள். கே.வி.குப்பம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துச் செம்மண் கொல்லைக்கு, என்னைக் கேட்டால், பெய்கிற மழையை வரப்புக்குள் நிறுத்துவதுதான் முதல் வேலை. ரகமெல்லாம் அப்புறம்.

தாத்தா நிலத்தை இப்போதுதான் கையில் எடுத்திருப்பவர்களுக்காக, பாசனம் இல்லாமல் மழையை மட்டும் நம்பி ஒரு ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் கணக்கில் எழுதுகிறேன்.

படி 1: மழையை அளந்து பழகுங்கள்

கடையில் மழைமானி வாங்க வேண்டாம். பக்கம் சரியாமல் நேராக நிற்கும் தகர டப்பா ஒன்றை, மரநிழல் படாத இடத்தில் வையுங்கள். காலை 8.30க்கு ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். வானிலைத் துறையின் நாள் கணக்கும் அந்த நேரத்தில்தான் முடிகிறது. வாய் அகலம் எதுவானாலும் பக்கம் நேராக இருந்தால் அளவு சரியாக வரும்.

இது எதற்கு? ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். 50 மி.மீ. கொட்டினால் 2 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஏறக்குறைய பதினேழு வந்து ஊற்றியது போல. அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடைக்குப் போனால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: கோடை உழவும் வரப்பும்

சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்று விழுந்ததும் உழுதுவிடுங்கள். சரிவுக்குக் குறுக்காக உழ வேண்டும். இதைத்தான் டிராக்டர்காரரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். திருப்புவதற்கு வசதி என்று அவர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அந்தச் சால்கள் ஒவ்வொன்றும் பிறகு தண்ணீர் ஓடும் வாய்க்காலாகிவிடும். குறுக்குச் சாலில் தண்ணீர் நின்று இறங்கும்.

இந்த உழவுக்கு இன்னொரு பயனும் உண்டு. மல்லாட்டையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மண்ணுக்குள்தான் கிடக்கும். உழவில் மேலே வந்தால் வெயிலில் காயும், கொக்கும் மைனாவும் பொறுக்கித் தின்னும்.

அடுத்து, மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எந்த மூலையில் உடைத்துக்கொண்டு போகிறது என்று அப்போதுதான் தெரியும். அந்த வரப்பை உயர்த்தி, கல் அடுக்கி ஒரு வழிவாய் வையுங்கள். அடைமழையில் மிச்சத் தண்ணீர் வரப்பை அரிக்காமல் வெளியேற அது வேண்டும். பண்ணைக் குட்டை நல்ல விஷயம்தான். ஆனால் ஒரே ஏக்கர் வைத்திருப்பவர் அதற்காக நிலத்தை விடுவதை நான் சொல்ல மாட்டேன். கீழ்ப்பக்கம் சொந்தக் கிணறு இருந்தால் மட்டும் யோசியுங்கள். குட்டையில் கசிவது கிணற்றில் ஊறும்.

படி 3: விதை நேர்த்தி

ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு (ஓடு நீக்கிய விதை). உடைந்ததும் சுருங்கியதும் பொறுக்கிவிட்டு, நிழலில் சாக்கின் மேல் பரப்புங்கள். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத் தூள். வேரழுகலுக்கு இது காவல். பிறகு ரைசோபியம் (காற்றின் தழைச்சத்தை வேரில் பிடித்துத் தரும் நுண்ணுயிர் உரம்) பாக்கெட்டை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விரல்களை விரித்துக்கொண்டு மெதுவாகப் புரட்டுங்கள். பருப்பின் செந்தோல் உரியக் கூடாது. உரிந்தது முளைக்காமல் அழுகும். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்றைக்கே விதையுங்கள். டிரைக்கோடெர்மா, ரைசோபியம் இரண்டும் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும். சந்தேகம் என்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

படி 4: எப்போது விதைப்பது

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பார்கள். இப்போது ஆடியைவிட ஈரத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஒரு மழைக்கே அவசரப்பட்டு விதைத்தால், முளைத்த கையோடு வெயில் காய்ச்சி எடுத்துவிடும். மழை விட்ட மறுநாள் ஒரு சாண் ஆழம் தோண்டுங்கள். அடிமண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். மேலே மட்டும் ஈரம், அடியில் புழுதி என்றால் இன்னொரு மழைக்குப் பொறுங்கள். வானிலைத் துறையின் மேகதூத் என்ற கைபேசிச் செயலியில் செவ்வாயும் வெள்ளியும் வரும் வானிலை அறிவுரையையும் பாருங்கள்.

வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரை. மல்லாட்டை காய்ந்தாலும் ஆழ வேர்விட்ட துவரை தாக்குப்பிடிக்கும். ஓரத்தில் ஆமணக்கும் காராமணியும் போட்டால் கம்பளிப்புழு முதலில் அங்கேதான் உட்காரும். முட்டைக் குவியலோடு இலையைக் கிள்ளி அழித்துவிடலாம்.

ஆவணி முடிந்தும் ஈரம் சேரவில்லையா? மல்லாட்டையை விட்டுவிடுங்கள். புரட்டாசியில் கொள்ளு விதையுங்கள். விதைச் செலவு குறைவு, கொஞ்ச ஈரத்திலேயே எழும், மாட்டுக்குக் கொடியும் கிடைக்கும்.

விதைத்ததும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் சான்றை வாங்கிப் பயிர்க் காப்பீடு செய்துவிடுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரீப் (மழைக்காலப் பருவ) உணவுப் பயிர், எண்ணெய் வித்துகளுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 சதவீதம். மகசூல் இழப்பைத் தனி நிலமாகப் பார்க்காமல் கிராமம் அல்லது பிர்கா (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) அளவில் கணக்கிடுவார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

படி 5: ஜிப்சமும் மண் அணைப்பும்

40–45ஆம் நாளில், மண்ணில் ஈரம் இருக்கும்போது, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் (சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் தரும் உப்பு) தூவிச் செடிக்கு மண் அணைக்க வேண்டும். ஈரமில்லாவிட்டால் அடுத்த மழை வரை காத்திருங்கள். விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கிய பிறகு களைக்கொட்டை உள்ளே விடக் கூடாது. களையைக் கையால் பிடுங்கி வரிசை நடுவே மூடாக்காகப் போடுங்கள். விதை பிடித்த களையை மட்டும் வெளியே எறியுங்கள்.

படி 6: அறுவடை

ஆடியில் விதைத்தது ஐப்பசி மழை நேரத்தில்தான் அறுவடைக்கு வந்து நிற்கும். அங்கங்கே நாலைந்து செடி பிடுங்கிக் காயை உடையுங்கள். ஓட்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக மாறியிருந்தால் முற்றிவிட்டது. பெரும்பாலான காய்கள் அப்படி இருந்து, செயலியில் மழையும் காட்டினால் ஆள் கூப்பிட்டுவிடுங்கள். முற்றிய கொத்து ரகக் (படராமல் நிமிர்ந்து வளரும் ரகம்) காய் ஈரத்தில் கிடந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பிடுங்கிய செடியைக் காய் மேலே தெரியும்படி கவிழ்த்துப் போட்டு உலர்த்துங்கள். ஈரத்தோடு குவித்தால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும். அந்தக் காயை மாட்டுக்கும் போடாதீர்கள்.