ரைபிள் ஸ்கோப்பின் ரெட்டிக்கிள்: போட்டியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலக்குச் சுடும் போட்டிக்காக ஸ்கோப் (தொலைநோக்கிக் குறிகாட்டி) வாங்குபவர்கள் லென்ஸின் தெளிவையும் உருப்பெருக்கத்தையும் நெடுநாள் ஆராய்கிறார்கள். அதனுள் தெரியும் குறிக்கோடுகளாகிய ரெட்டிக்கிளை மட்டும் விளம்பரப் படத்தைப் பார்த்தே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். ரெட்டிக்கிள் குறிபார்க்க உதவுவதோடு கோணத்தை அளக்கும் கருவியாகவும் இருக்கிறது. போட்டிகளில் வீணாகும் புள்ளிகளில் பல இதை மறப்பதால் வீணாகின்றன.

எந்தப் போட்டியில் சுடப்போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் ரெட்டிக்கிளைத் தேர்ந்தெடுப்பது முதல் தவறு. பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் 10, 50, 300 மீட்டர் ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கிக் குறிகாட்டிக்கே இடமில்லை. ஆகவே விதிநூலைப் படிப்பதுதான் தொடக்கம். ஸ்கோப் பொருத்தி நெடுந்தூரத்தில் சுடும் எஃப் கிளாஸ் போட்டியில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 1 எம்ஓஏ (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் அரை எம்ஓஏ. இவ்வளவு சிறிய வட்டத்தைத் தடித்த கோடு மறைத்துவிட்டால் நடுவைத் துல்லியமாகப் பிரிக்க முடியாது என்பதால், அங்கே மெல்லிய கோடோ நுண்ணிய புள்ளியோதான் ஏற்றது. வெவ்வேறு தூரங்களில் உள்ள பல இலக்குகளைக் குறுகிய நேரத்தில் சுட வேண்டிய போட்டிகளில், கிளைகளாக விரியும் அளவுக் குறிகள் கொண்ட ரெட்டிக்கிள் பயன்படும். அதையே ஒரே தூரத்தில் நிலைத்திருக்கும் வட்ட இலக்கின்மேல் வைத்தால் அத்தனை குறிகளும் கண்ணுக்கு இடையூறுதான். குறிப்பிட்ட தோட்டாவின் வீழ்ச்சிக்கேற்ப முன்கூட்டியே கோடிட்ட ரெட்டிக்கிள்களைப் போட்டிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். வேகமும் காற்றின் அடர்த்தியும் மாறியவுடன் அந்தக் கோடுகள் பொய்த்துவிடும்.

அடுத்தது குவியத் தளம், அதாவது ஸ்கோப்புக்குள் பிம்பம் குவியும் இடம், பற்றிய குழப்பம். முதல் குவியத் தளத்தில் அமைந்த ரெட்டிக்கிள் உருப்பெருக்கத்தோடு சேர்ந்தே பெரிதாகிச் சிறிதாகும். ஆகவே எந்த நிலையிலும் அதன் குறிகள் காட்டும் கோண அளவு மாறாது. இரண்டாம் குவியத் தளத்தில் உள்ளதோ கண்ணுக்கு ஒரே பருமனில் தெரியும். அதன் குறிகள் காட்டும் கோண அளவு ஒரே ஒரு உருப்பெருக்கத்தில் மட்டுமே சரியாக இருக்கும். பெரும்பாலும் அது உச்ச நிலை. ஆனாலும் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். 24 மடங்கில் சரியான அளவு காட்டும் ஸ்கோப்பைக் வெப்பத்தால் பிம்பம் நடுங்கும் கானல் அலைச்சலுக்காக 12 மடங்குக்குக் குறைத்தால், 1 மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் கோண அலகு) என்று குறிக்கப்பட்ட இடைவெளி உண்மையில் 2 மில் ஆகிவிடும். காற்றுக்காக 1.5 மில் தள்ளிப் பிடித்ததாக எண்ணுபவர் 3 மில் தள்ளிப் பிடித்திருப்பார்; 600 மீட்டரில் அது 90 சென்டிமீட்டர் பிழை. குறியை நகர்த்தும் குமிழாகிய டரட்டைத் திருப்பி நடுக்குறியை மட்டுமே பயன்படுத்துபவரை இந்தப் பிழை தொடாது.

அலகுகளைக் கலப்பதும் பரவலான தவறு. 1 மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். 1 எம்ஓஏ அதே தூரத்தில் ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர், 1 மில் சுமார் 3.44 எம்ஓஏ. ரெட்டிக்கிள் மில்லிலும் டரட் கால் எம்ஓஏ கிளிக்கிலும் (கிளிக் என்பது குமிழ் நகரும் ஒரு படி) இருந்தால், 0.6 மில் கீழே விழுந்த குண்டைத் திருத்துவதற்கு மனத்துக்குள் கணக்குப் போட்டு 8 கிளிக் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் மில்லில், ஒரு கிளிக் 0.1 மில்லாக இருந்தால், ரெட்டிக்கிளில் பார்த்த 0.6 அப்படியே 6 கிளிக். தூரமோ சென்டிமீட்டரோ அறியத் தேவையில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. 100 கெஜத்தில் சரியாக 1 அங்குலம் என்று கொள்ளும் அலகு உண்மையான எம்ஓஏ அன்று; உண்மையானது 1.047 அங்குலம். 30 எம்ஓஏ உயர்த்தும்போது இந்த வேறுபாடு சுமார் 1.35 எம்ஓஏ ஆகிறது, அதாவது பத்துப் புள்ளி வளையத்தின் விட்டத்தைவிடப் பெரிது.

எல்லாவற்றிலும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது சாய்வு. ரெட்டிக்கிளின் செங்குத்துக் கோடு தூக்குக்குண்டு நூலுக்கு இணையாக இல்லாமல் 1 பாகை சாய்ந்திருந்தாலும், 100 மீட்டரில் அது தெரியவே தெரியாது. 900 மீட்டருக்காக 10 மில் உயர்த்தும்போதோ குண்டு ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். அந்தத் தூரத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் ஆரமே 13 சென்டிமீட்டர்தான். சுடுபவர் இதைக் காற்றின் வேலை என்று எண்ணி, இல்லாத காற்றைத் திருத்திக்கொண்டிருப்பார். ஸ்கோப்பைப் பொருத்தும்போது கண் மதிப்பை நம்பாமல் நூல் கட்டிப் பார்க்க வேண்டும். குமிழ் மட்டம் ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் அதை நோக்க வேண்டும்.

தலை அசையும்போது ரெட்டிக்கிள் இலக்கின்மேல் நகர்வதாகத் தோன்றும் இடமாறு தோற்றப்பிழையைச் சரிசெய்வதில் பலர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். குண்டு நீக்கப்பட்டு, போல்ட் திறந்த நிலையில், சூரியன் இல்லாத வெளிர்வானத்தை ஸ்கோப் வழியே பார்த்தபடி கண்ணருகு லென்ஸைச் சுழற்றி, ரெட்டிக்கிள் முதல் பார்வையிலேயே கூர்மையாகத் தெரியும்படி அமைக்க வேண்டும். நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் தானே ஈடுகட்டிவிடும். அதன் பிறகே பக்கவாட்டுக் குமிழைத் திருப்பி, தலையை அசைத்தாலும் ரெட்டிக்கிள் இலக்கின்மேல் நகராத நிலையைக் காண வேண்டும். குமிழில் அச்சிட்ட தூர எண்கள் தோராயமானவை.

ஒளியூட்டும் வசதி இருந்தால், கோடு தெரியும் அளவுக்கு மட்டுமே அதை ஏற்ற வேண்டும். மிகுந்த ஒளி கோட்டைப் பருமனாக்கி இலக்கை விழுங்கிவிடும்.

தயாரிப்பாளர் அச்சிட்ட அளவை அப்படியே நம்புவதும் தவறே. டேப்பால் அளந்த 100 மீட்டரில், தூக்குக்குண்டின் துணையோடு செங்குத்தாகக் கோடு வரைந்த உயரமான அட்டையை நிறுத்தி, அடியிலுள்ள புள்ளியைக் குறிவைத்து 10 மில் உயர்த்திச் சுட்டால், குண்டுகள் வழக்கமாக விழும் இடத்திலிருந்து 1 மீட்டர் மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். உயரம் குறைந்தாலோ கூடினாலோ கிளிக்கின் அளவில் பிழை. கோட்டை விட்டு விலகினால் சாய்வில் பிழை. 97 சென்டிமீட்டர்தான் உயர்ந்தது என்றால் அந்த விகிதத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, தூரத்துக்கான அட்டவணையை அதற்கேற்பத் திருத்தினால் போதும். ஸ்கோப்பை மாற்ற வேண்டியதில்லை.